‘இப்பத்தானே பார்த்தேன்!’ - சில விநாடிகளுக்குள் மூளை பிழை செய்வது எப்படி? எந்த மறதிக்குப் பயப்பட வேண்டும்?

கீழே பத்து சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை, அவசரப்படாமல் படியுங்கள். திரும்ப மேலே போய்ப் பார்க்கக் கூடாது.

இட்லி, மாவு, சட்னி, கல், சாம்பார், மசாலா, ஊத்தப்பம், வடை, பொடி, முறுகல்.

படித்தாச்சா? அப்படியே இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

இப்படிப் பத்து சொற்களை வைத்துக்கொண்டுதான் 2000-களின் நடுப்பகுதியில் வேலூர் மாவட்டக் கிராமங்களில் ஆய்வுக் குழுவினர் வீடு வீடாகப் போனார்கள். 65 வயது தாண்டியவர்களைப் பார்த்து, சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘ஞாபகம் இருக்கிறதைத் திருப்பிச் சொல்லுங்க’ என்று கேட்டார்கள். அதன்பின் சில நிமிடம் வேறு பேச்சு, வேறு கேள்வி. பிறகு மறுபடியும் அதே பத்து சொற்கள்.

முதல் முறை சரியாகச் சொல்லிவிட்டு, சில நிமிடம் கழித்து ஒன்றுமே நினைவில்லாமல் போனால் அது ஒரு வகை. முதல் முறையே இரண்டு மூன்றை விட்டுவிட்டு, பட்டியலில் இல்லாத ஒரு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் அது வேறொரு வகை. பார்க்க இரண்டும் மறதி மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒன்று நல்ல மூளை தினமும் செய்கிற வேலை. இன்னொன்று நோயின் வாசலாக இருக்கலாம்.

எது எது? பெரும்பாலான வீடுகளில் இதைத் தலைகீழாகத்தான் புரிந்துவைத்திருக்கிறோம்.

பாகாயத்தில் என்ன இருக்கிறது?

காட்பாடியில் டவுன் பஸ் ஏறி வேலூர் ஊரைத் தாண்டிப் போனால் வருவது பாகாயம். வெளியூர்க்காரர்களுக்கு சி.எம்.சி. என்றால் டவுனுக்குள் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். ஆனால் அதன் மருத்துவக் கல்லூரி வளாகம், மனநல மையம், சுற்றுக் கிராமங்களுக்கான ‘சாட்’ மருத்துவமனை எல்லாம் பாகாயத்தில்தான் இருக்கின்றன. பக்கத்தில் உள்ள கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களுக்கும் இந்த வளாகத்துக்கும் பல பத்தாண்டுத் தொடர்பு உண்டு.

1998-ல் ‘10/66’ என்ற பெயரில் ஒரு சர்வதேச ஆய்வுக் குழு தொடங்கியது. உலகில் டிமென்ஷியா, அதாவது முதுமை மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்கிறார்கள்; ஆனால் மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை. பெயருக்குக் காரணம் அதுதான். இந்தியாவில் இந்தக் குழு எடுத்துக்கொண்ட இரண்டு இடங்களும் தமிழ்நாட்டில். நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர். ஒவ்வொரு இடத்திலும் சுமார் 1000 முதியவர்கள்.

அங்கே கிடைத்த ஒரு எண் ஆய்வாளர்களையே யோசிக்க வைத்தது. அதைச் சொல்வதற்கு முன், எல்லோருக்கும் நடக்கும் சாதாரணப் பிழையைப் பார்த்துவிடலாம்.

பட்டியலில் ‘தோசை’ இருந்ததா?

இப்போது, மேலே போகாமல் சொல்லுங்கள். அந்தப் பத்து சொற்களில் ‘மசாலா’ இருந்ததா? ‘முறுகல்’? ‘தோசை’?

‘தோசை இருந்ததே’ என்று தோன்றினால் கவலை வேண்டாம். மிக நல்ல மூளைக்கும் அப்படித் தோன்றும். பட்டியலில் தோசை இல்லை. ஆனால் மாவு, கல், முறுகல், பொடி, மசாலா எல்லாமே தோசையைச் சுற்றி வரும் சொற்கள். ஒவ்வொன்றையும் படிக்கும்போது மூளைக்குள் தோசை லேசாகத் தட்டி எழுப்பப்படுகிறது. பத்தாவது சொல்லுக்கு வருவதற்குள் அது பட்டியலில் உள்ள சொற்களைவிடப் பிரகாசமாக உட்கார்ந்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் டீஸ் 1959-ல் கண்டதை, 1995-ல் ஹென்றி ரோடிகரும் கேத்லீன் மெக்டெர்மாட்டும் விரிவாகச் சோதித்தார்கள். இந்த வகைச் சோதனையில் இல்லாத சொல்லை ‘இருந்தது’ என்று அடித்துச் சொல்பவர்கள் ஏராளம். நீண்ட நேரம் கழித்து மட்டும் இப்படி நடப்பதில்லை. பட்டியல் மிகச் சின்னதாக இருந்து, சில விநாடிகளிலேயே கேட்டாலும் இதே பிழை வருவதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே மூளை எதையும் மறக்கவில்லை. இல்லாததைச் சேர்த்திருக்கிறது.

மூன்று விநாடி போதும்

2023 ஏப்ரலில் ‘ப்ளாஸ் ஒன்’ ஆய்விதழில் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டே ஆட்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது.

திரையில் ஒரு கணம் சில ஆங்கில எழுத்துகள் தோன்றும். அவற்றில் சில நேரானவை. சில கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டவை. தமிழில் சொல்வதென்றால், ‘ட’வை இடவலமாகத் திருப்பிப் போட்டுக் காட்டுவது மாதிரி. பிறகு, ‘இந்த இடத்தில் நீங்கள் பார்த்தது நேரான எழுத்தா, திருப்பிய எழுத்தா? எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?’ என்ற கேள்வி.

‘ரொம்ப உறுதி’ என்று சொன்னவர்களை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். எழுத்தைக் காட்டி அரை விநாடியில் கேட்டபோதே கிட்டத்தட்ட 20 சதவீதம் தவறான பதில். மூன்று விநாடி கழித்துக் கேட்டபோது அது 30 சதவீதமாக ஏறியது.

தவறு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதுதான் விஷயம். திருப்பிய எழுத்தை ‘நேராக இருந்தது’ என்று சொன்னவர்களே மிக அதிகம். நேரான எழுத்தைத் திருப்பியதாக நினைத்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. வாழ்நாள் முழுக்க எழுத்தை நேராகவே பார்த்துப் பழகிய மூளை, பார்த்ததை ஓரமாக வைத்துவிட்டு ‘இப்படித்தான் இருந்திருக்கும்’ என்பதை எழுதிவைத்துக்கொள்கிறது. நேரம் ஆக ஆக, பார்த்த படம் மங்குகிறது. பழக்கம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

‘என் கண்ணால பார்த்தேன்’ என்று ஒருவர் சத்தியம் செய்யும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் தவறாக இருக்கலாம். தெருச் சண்டையில் தொடங்கி நீதிமன்றச் சாட்சிக் கூண்டு வரை இது பொருந்தும்.

மூளையின் சின்ன மேஜை

குறுகிய கால நினைவு என்று சொல்வது, சில விநாடிகளுக்கு ஒரு விஷயத்தைக் கையில் வைத்துக்கொள்வது. வங்கி அனுப்பும் ஓடிபியைப் பார்த்து டைப் செய்யும் வரை வைத்திருப்பது அதுதான். ஒரு சின்ன மேஜை மாதிரி. பீரோ மாதிரி அடுக்கி வைக்க இடம் கிடையாது.

அந்த மேஜையில் எத்தனை பொருள் வைக்கலாம்? 1956-ல் ஜார்ஜ் மில்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ‘ஏழு, இரண்டு கூடக் குறைய’ என்றது. பின்னாளில் நெல்சன் கோவன் 2001-ல் கணக்கைத் திருத்தினார். மனசுக்குள் உருப்போடுவது, சேர்த்துக் கோப்பது போன்ற உத்திகளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏறக்குறைய நான்குதான் என்றார்.

அப்புறம் எப்படி பத்து இலக்க செல்போன் எண்ணைச் சொல்கிறோம்? ஐந்தைந்தாக வெட்டி. ஆறு இலக்க ஓடிபி மூன்று மூன்றாக வாயில் வருகிறது. ஆதார் எண்ணை நான்கு நான்காகத்தான் அச்சடித்தே தருகிறார்கள். மேஜை பெரிதாகவில்லை, பொருட்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி வைக்கிறோம், அவ்வளவே. அதே எண்ணை ஒருவர் வேறு மாதிரி வெட்டிச் சொன்னால் நம்ம நம்பரே நமக்குப் புரியாமல் போவதைக் கவனித்திருப்பீர்கள்.

இந்த மேஜையில் இருப்பது எந்த ரூபத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான தடயம் 1964-ல் கிடைத்தது. பிரிட்டனில் ஆர். கான்ராட், எழுத்துகளைக் கண்ணால் பார்க்க மட்டும் காட்டி, திரும்ப எழுதச் சொன்னார். யாரும் எதையும் காதால் கேட்கவில்லை. ஆனாலும் ‘பி’யை ‘வி’ என்று எழுதினார்கள். உருவத்தில் ஒத்த எழுத்தைவிட ஓசையில் ஒத்த எழுத்தே அதிகம் குழம்பியது. அதாவது கண்ணால் பார்த்ததை மூளை மனசுக்குள் உச்சரித்து, ஓசையாக வைத்துக்கொள்கிறது. ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் 1974-ல் முன்வைத்த ‘செயல்படு நினைவு’ மாதிரியில் இந்த ஓசைச் சுழல் ஒரு முக்கிய உறுப்பு.

தமிழில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். பதினேழா பதினெட்டா? அறுபதா எழுபதா? வள்ளியா வல்லியா? காதில் சரியாக விழுந்திருக்கும். எழுதப் போவதற்குள் மாறியிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. அந்த ஓசைச் சுழலில் சுமார் இரண்டு விநாடியில் சொல்லி முடிக்கக்கூடியதே தங்கும். வேல்ஸ் மொழியில் எண்களைச் சொல்ல ஆங்கிலத்தைவிட அதிக நேரம் ஆகும்; அதனால் இரு மொழியும் தெரிந்தவர்கள் வேல்ஸில் குறைந்த எண்களையே நினைவில் வைத்தார்கள் என்று 1980-ல் ஒரு ஆய்வு காட்டியது. ‘ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு’ என்பதை ‘ஒன், டூ, த்ரீ, ஃபோர்’ என்பதோடு சொல்லிப் பாருங்கள். வீட்டில் முழுக்கத் தமிழே பேசுகிறவரும் செல் நம்பரை மட்டும் இங்கிலீஷில் சொல்வதை ‘மோகம்’ என்று மட்டும் திட்டிவிட முடியாது போல.

ஆம்பூர் பிரியாணிக் கடைக் கணக்கு

மதியம் ஒரு மணி. ஆம்பூரில் கூட்டம் நிரம்பிய ஒரு பிரியாணிக் கடை. சர்வர் நான்கு டேபிளுக்கு வாயாலேயே ஆர்டர் வாங்குகிறார். இரண்டு மட்டன், ஒரு சிக்கன், ஒன்று பார்சல், ஒருவருக்குக் கத்திரிக்காய் கூடுதலாக.

இங்கே மூன்று வகைப் பிழைக்கு வாய்ப்பு இருக்கிறது. ஜன்னலோர டேபிள் சிக்கன் கேட்டது, பக்கத்து டேபிள் மட்டன் கேட்டது. இரண்டும் நினைவில் இருக்கிறது; ஆனால் எது எங்கே என்ற முடிச்சு அவிழ்ந்து, தட்டு மாறிப் போகிறது. லண்டனில் பால் பேஸ் குழுவினர் 2009-ல் நிறங்களை வைத்து இதையே காட்டினார்கள். பார்த்த நிறம் சரியாக நினைவில் இருந்தது, அது இருந்த இடம்தான் பக்கத்துப் பொருளோடு இடம் மாறியது. ‘இடமாற்றுப் பிழை’ என்கிறார்கள்.

இரண்டாவது, தோசைப் பிழை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மட்டன்தான் கேட்பார்கள் என்றால், சிக்கன் கேட்டவரும் சர்வரின் மூளையில் மட்டன் ஆகிவிடலாம்.

மூன்றாவது, குறுக்கீடு. சமையல்கட்டுக்குப் போகும் வழியில் ஒருவர் ‘தண்ணி வை தம்பி’ என்கிறார். போச்சு. 1959-ல் லாயிட் பீட்டர்சனும் மார்கரெட் பீட்டர்சனும் மூன்றே மூன்று எழுத்துகளைக் கொடுத்து, உடனே ஒரு எண்ணிலிருந்து பின்னோக்கி மும்மூன்றாக எண்ணச் சொன்னார்கள். 18 விநாடிக்குள் பெரும்பாலான எழுத்துகள் காணாமல் போயிருந்தன. உருப்போட விடாவிட்டால் மேஜை தானாகவே காலியாகிறது. தோல் ஷூ கம்பெனியில் ஜோடிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், ‘எண்ணிக்கிட்டு இருக்கேன் இல்ல?’ என்று கோபம் வருவதில் முழு நியாயம் இருக்கிறது.

பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ‘எதுக்கு வந்தேன்?’ என்று நிற்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வாசல் தாண்டிப் போனாலே நினைவு சற்றுக் குறைகிறது என்று அமெரிக்காவில் கேப்ரியல் ராட்வான்ஸ்கி 2011-ல் ஆய்வு வெளியிட்டார். இடம் மாறினால் மூளை ‘முந்தைய காட்சி முடிந்தது’ என்று எடுத்துக்கொள்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதியில் உள்ள சில நரம்பு செல்கள், பார்த்த பொருள் மறைந்த பிறகும் விடாமல் துடித்துக்கொண்டிருக்கும். 1971-ல் ஹோவாகின் ஃபஸ்டரும் காரெட் அலெக்சாண்டரும் குரங்குகளில் இதைப் பதிவு செய்தார்கள். உணவு எந்தப் பக்கம் இருந்தது என்று குரங்கு காத்திருக்கும் அந்த இடைவெளி நேரத்தில் செல்கள் ஓயவில்லை. இன்று, துடிப்பு மட்டுமல்லாமல் செல்களுக்கு இடையிலான இணைப்பில் ஏற்படும் தற்காலிக மாற்றமும் நினைவைத் தாங்குகிறது என்ற கருத்தும் வலுவாக இருக்கிறது.

எப்படியானாலும் இது கல்வெட்டு கிடையாது. விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால்தான் எரியும் அடுப்பு. செல்களின் துடிப்பில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் கலந்திருக்கும். விநாடிகள் போகப் போக, பிடித்து வைத்த மதிப்பு சற்றே நகர்கிறது. நகரும்போது எந்தப் பக்கம் சரியும்? ஏற்கெனவே ஆழமாகப் பள்ளம் பறித்து வைத்திருக்கும் பழக்கத்தின் பக்கம்.

இதைக் குறை என்று சொல்வதும் சரியில்லை. தெளிவில்லாத தகவலைப் பழைய அனுபவத்தைக் கொண்டு நிரப்புவது பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவே அமையும். கையெழுத்து புரியாத மளிகை லிஸ்ட்டை அப்படித்தான் படித்து முடிக்கிறோம்.

பயிற்சியால் மேஜையைப் பெரிதாக்க முடியுமா?

மங்களூரில் வளர்ந்த ராஜன் மகாதேவன் 1981 ஜூலை 5-ம் தேதி ‘பை’ என்ற கணித எண்ணின் 31,811 இலக்கங்களை மனப்பாடமாகச் சொல்லி கின்னஸில் இடம்பிடித்தார். அடுத்த இலக்கத்தில் இடறினார். பிறகு அமெரிக்காவில் உளவியலாளர்கள் அவரை ஆண்டுக்கணக்கில் சோதித்தார்கள். எண்களைக் கேட்டு உடனே திருப்பிச் சொல்வதில் அவர் அசகாய சூரர்.

ஆனால் எண்களுக்குப் பதில் சின்னங்களைக் கொடுத்தபோது? ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய ஆறுதான். நம்மைப் போலவே. சின்னங்களை எண்களாக மாற்றிக்கொள்ளப் பழகிய பிறகே அவரால் மேலே போக முடிந்தது. மேஜை எல்லோருக்கும் ஒரே அளவு. அவரிடம் இருந்தது எண்களைக் கட்டும் கயிறு.

தமிழில் இதற்கு ஒரு பழைய மரபே உண்டு. நாஞ்சில் நாட்டின் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பி பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டினார். ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனத்தில் வைத்திருக்கும் கலை அது. முதுகில் எறியும் சிறு கற்களை எண்ணுவது, இடையிடையே அடிக்கும் மணியை எண்ணுவது, கணக்குக்கு விடை, கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா என்று எல்லாம் கலந்து வரும். பீட்டர்சன் சோதனையை நூறால் பெருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

அவதானிகள் பெரும்பாலும் புலவர்களாகவே இருந்ததில் காரணம் இருக்கிறது. எதுகையும் மோனையும் அழகுக்கு மட்டும் வந்தவை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். அவை பிழை திருத்தும் கருவியும்கூட. ஒரு சொல் மாறினால் எதுகை உடைந்து, ‘எங்கேயோ இடிக்கிறதே’ என்று காட்டிக்கொடுத்துவிடும். ஓடிபிக்கு எதுகை கிடையாது. அதனால்தான் ஏழுக்குப் பதில் எட்டு வந்து உட்கார்ந்தாலும் மூளைக்கு உறுத்துவதில்லை.

உயிர் விளையாட்டு ஆகும் இடங்கள்

தட்டு மாறினால் மாற்றிக்கொள்ளலாம். மருந்து அளவு மாறினால்? ஆங்கிலத்தில் ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ இரண்டும் போனில் கேட்க ஒன்று போலவே இருக்கும். 15 மில்லிகிராமும் 50 மில்லிகிராமும் ஒன்றா? அதனால் வாய்வழி உத்தரவை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, சொன்னவர் ‘சரி’ என்ற பிறகே செய்ய வேண்டும் என்பது மருத்துவமனைப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. விமானிகளும் கட்டுப்பாட்டு அறை சொல்வதைத் திரும்பச் சொல்கிறார்கள். ‘எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு’ என்ற உறுதியை நம்பாமல் கட்டப்பட்ட ஏற்பாடுகள் இவை.

வீட்டிலும் இது பொருந்தும். இன்சுலின் அளவு, குழந்தையின் சிரப் அளவு, டாக்டர் போனில் சொன்ன மாற்றம் எல்லாவற்றையும் கேட்கும்போதே எழுதிக்கொண்டு, திரும்ப ஒருமுறை வாய்விட்டுச் சொல்வது பத்து விநாடி வேலை. காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்பதையும் நினைவிடம் கேட்டால், தினமும் போடும் பழக்கம் ‘போட்டாச்சு’ என்றே பதில் சொல்லும். நாள்வாரியாகப் பிரித்த டப்பாவைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வேலூர் கிராமங்களில் கிடைத்த அந்த எண்

இப்போது அந்தப் பத்து சொற்களுக்கும் 65 வயது தாண்டிய பெரியவர்களுக்கும் திரும்பலாம்.

‘10/66’ குழுவின் முடிவுகள் 2008-ல் ‘லான்செட்’ இதழில் வந்தன. அமெரிக்க மனநல மருத்துவ அளவுகோல்படி பார்த்தால், கியூபாவில் முதியவர்களில் 6.3 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. இந்தியக் கிராமப்புறத்தில், அதாவது வேலூரில், வெறும் 0.3 சதவீதம்.

ஆயிரத்தில் மூன்று பேர். சந்தோஷப்பட வேண்டிய செய்தியா?

அதே குழு, பல நாடுகளில் சோதித்துத் தானே உருவாக்கிய இன்னொரு முறையில் கணக்கிட்டபோது படம் மாறியது. படிப்பறிவின் தாக்கத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் அந்த முறையில், ஆய்வு நடந்த எல்லா இடங்களிலும் விகிதம் 5.6 முதல் 11.7 சதவீதத்துக்குள் வந்தது. வேலூரும் அதற்குள் அடக்கம். முதியவர்கள் அதே முதியவர்கள். எண் மட்டும் பல மடங்கு.

காரணங்களில் முக்கியமானது குடும்பம். அமெரிக்க அளவுகோல்படி நோய் என்று சொல்ல, நினைவு குறைந்திருந்தால் மட்டும் போதாது. அதனால் அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதாகவும் தெரிய வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் வீட்டில் இருப்பவர். கூட்டுக் குடும்பத்தில் மருமகள் சமைக்கிறார், மகன் பணம் பார்த்துக்கொள்கிறார், பேரன் கடைக்குப் போகிறான். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும். அவரால் ரேஷன் கணக்குப் பார்க்க முடியவில்லை என்பது யாருக்கும் தெரியவராது. கேட்டால், ‘வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான்’ என்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பார்கள். அங்கும் இங்கும் அதைக் காலத்தின் கோலமாகத்தான் பார்த்தார்களே தவிர, வைத்தியரிடம் போக வேண்டிய விஷயமாகப் பார்க்கவில்லை.

சோதனைகளிலும் கோளாறு இருந்தது. 1975 முதல் உலகெங்கும் பயன்பட்டு வரும் சுருக்கமான நினைவுத் தேர்வு ஒன்றில், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள், ஐங்கோணம் வரையச் சொல்வார்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒரு விவசாயக் கூலித் தொழிலாளிக்கு அதில் மதிப்பெண் குறைந்தால், அது அவர் மூளையின் குற்றமா? இந்தச் சிக்கலுக்காகவே வேலூர் சி.எம்.சி.யின் மனநல மருத்துவர்கள், முதியவரிடம் கேட்க ஒன்று, வீட்டில் இருப்பவரிடம் கேட்க ஒன்று எனத் தங்கள் பகுதிக்கு ஏற்ற சிறு வினாப்பட்டியல்களை உருவாக்கினார்கள். 2009-ல் அந்த ஆய்வு வெளியானது.

அப்படியானால் எதற்குப் பயப்பட வேண்டும்?

இங்கேதான் அந்தப் பத்து சொல் சோதனையின் சூட்சுமம். அல்சைமர் நோயின் ஆரம்பத்தில், ஐந்தாறு எண்களைக் கேட்டு உடனே திருப்பிச் சொல்வது பெரும்பாலும் கெடுவதில்லை. சின்ன மேஜை அப்படியே இருக்கும். கெடுவது, மேஜையிலிருந்து பீரோவுக்கு எடுத்து வைக்கும் வேலை. அந்த வேலையைச் செய்யும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியைத்தான் நோய் முதலில் தாக்குகிறது. அதனால்தான் சில நிமிடம் பேச்சுக் கொடுத்துவிட்டு மறுபடியும் கேட்கிறார்கள். ‘ஏதோ டிபன் ஐட்டம்’ என்று குறிப்புக் கொடுத்தாலும் வராமல் போகிறதா என்பதும் கவனிக்கப்படும்.

ஆக, ஓடிபியை மாற்றி அடிப்பது, பெயர் நாக்கு நுனியில் நிற்பது, கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுவது - இதற்கெல்லாம் இரவில் தூக்கம் கெட வேண்டியதில்லை. சொல்லப் போனால் தூக்கம் கெட்டதுதான் இவற்றுக்குக் காரணமாக இருக்கும்.

சாப்பிட்டு அரை மணி நேரத்தில் ‘எனக்குச் சோறு போடலை’ என்று அப்பா சொல்வது வேறு. ஒரே கேள்வியை, பதில் கேட்ட நினைவே இல்லாமல் திரும்பத் திரும்பக் கேட்பது, நாற்பது வருஷம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, அம்மா வாழ்நாள் முழுக்க வைத்த குழம்பின் வரிசை குழம்பிப் போவது, பணத்தை எண்ணத் தடுமாறுவது, சுபாவமே மாறிப்போவது - இவை மாதக்கணக்கில் கூடிக்கொண்டே வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ அது அவசரம். அப்போது 108-ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

மறதியோடு வருகிற எல்லோருக்கும் டிமென்ஷியா இருக்காது என்பதும் காட்டத் தயங்குகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மன அழுத்த நோய், சில தூக்க மாத்திரைகள், காது சரியாகக் கேட்காதது ஆகியவையும் நினைவைக் கெடுக்கும். இவற்றில் பல, சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரிந்து, சிகிச்சையில் சரியாகக்கூடியவை.

இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது.

பாகாயம் மனநல மையத்தில் அதன் தொடக்க காலத்திலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. சிகிச்சைக்குச் சேர்கிறவருடன் குடும்பத்தில் ஒருவராவது உடன் தங்க வேண்டும். மறதி விஷயமாக எந்த ஊர் மருத்துவரைப் பார்க்கப் போனாலும், பெரியவரோடு தினமும் இருக்கிற ஒருவர் கூடப் போவது நல்லது. எப்போது தொடங்கியது, முன்பு செய்துவந்த எந்த வேலையை இப்போது செய்ய முடியவில்லை, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்று உள்ளே போவதற்குள் பாதி மறந்துவிடும். அது நோய் இல்லை, நான்கே பொருள் கொள்ளும் அந்த மேஜைதான்.